வாய்க்கால்கரைத் தெருவும் என் கன்னிப்பேச்சும்

ஐந்து வருடம் சட்டமன்ற உறுப்பினராக இருந்தேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் வக்கீல். இரண்டு தொழிலுக்கும் வாய்தான் முதல் என்று கல்யாண வீடுகளில் என் மனைவி கேலி செய்வாள். சிரித்துக்கொள்வேன். ஆனால் அந்த வாய் ஒரு தடவை எங்கள் தெருவையே தெருவில் நிறுத்தப் பார்த்தது.

நான் பிறந்தது தஞ்சாவூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், வாய்க்கால்கரைத் தெருவில். நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் பிழைத்த குடும்பங்கள். அங்கிருந்து கறுப்புக் கோட்டு மாட்டிய முதல் ஆள் நான். சட்டமன்றத்துக்குப் போன முதல் ஆளும் நான்தான். தலைக்கனம் இல்லாமல் இருக்குமா? கன்னிப்பேச்சுக்கு எழுந்தபோது நிறையவே இருந்தது. “எங்கள் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாய்க்கால் கரையிலேயே குடியிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குக்கூடப் பட்டா இல்லை” என்று முழங்கினேன். மேசையைத் தட்டினார்கள். ஊரில் வெடி போட்டார்கள்.

விஷயம் என்னவென்றால், எங்கள் தெருவில் வாய்க்காலே கிடையாது. முன்னோர் காலத்தில் குடிசைகள் கரையில்தான் இருந்தனவாம். ஒரு வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போக, மேட்டில் இருந்த நத்தத்தில், அதாவது குடியிருப்புக்கென்றே சர்க்கார் கணக்கில் எழுதிய நிலத்தில், வந்து குடியேறினார்கள். வீட்டை மாற்றியவர்கள் தெருப் பெயரை மாற்றவில்லை. வயல்களுக்கு அப்பால் ஓடும் வாய்க்காலின் பெயரில் நாங்கள் பிறந்து வளர்ந்தோம். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் “வாய்க்கால்கரையில இருக்கோம்” என்றுதான் சொல்வார்கள். கேட்கிறவர்களுக்கும் புரியும். சென்னையில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு எப்படிப் புரியும்? வக்கீலாக இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

பட்டா வரவில்லை. அடுத்த தேர்தலில் தோற்றுவிட்டு மறுபடி கோர்ட்டுக்கே வந்து சேர்ந்தேன். நீர்நிலை ஆக்கிரமிப்புகளை மும்முரமாக அகற்றிக்கொண்டிருந்த சமயம். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். வாய்க்கால் கரையை ஆக்கிரமித்திருக்கிறீர்கள், காலி செய்யுங்கள் என்று இருந்தது. போக வேறு இடம் யாருக்கும் இல்லை.

தடை கேட்டு முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். அரசு வக்கீல் எனக்குப் பழைய சிநேகிதர். என் முகத்தைப் பார்க்காமல் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பைப் பிரித்து, என் பேச்சை நல்ல ஏற்ற இறக்கத்தோடு படித்தார். “இதற்கு மேல் என்ன சாட்சியம் வேண்டும்?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

நான் பேசியது தப்பு என்று நானே கூண்டேறிச் சொன்னால்தான் உண்டு. சாட்சி சொல்கிறவன் அதே வழக்கில் வக்கீலாக நிற்க முடியாது. அன்று சாயங்காலமே தெருவுக்குப் போய் எல்லாரையும் கூட்டி நடந்ததைச் சொன்னேன். வேறு வக்கீல் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டவும் திட்டினார்கள். “ஓட்டையும் போட்டுட்டு வீட்டையும் உடணுமா?” என்று ஒருவர் கேட்டார்.

அப்போது என் சித்தி எழுந்தாள். அம்மாவின் தங்கை, ஆயுசு முழுக்க நடவு நட்டவள்.

“தப்பாத்தான் பேசிட்டான், இல்லேங்கல. இதுக்கு முன்னாடி அங்க போன யாராவது நம்மளப் பத்தித் தப்பாவாவது பேசியிருக்காங்களா?”

சித்தி என் பக்கம் திரும்பினாள். “நீ போயி உள்ளதச் சொல்லு. நானும் வந்து சொல்றேன்.”

அந்த ஒரு வார்த்தைக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? இன்றைக்கு நினைத்தாலும் கண் கலங்கிவிடும்.

எனக்குப் பதிலாக வக்காலத்து போட்டவர் தேர்தலில் எனக்கு எதிராக வீதி வீதியாகப் பேசிய ஒரு வக்கீலம்மா. “கட்சி வேற, கேஸ் வேற சார்” என்று கேஸ் கட்டை வாங்கிக்கொண்டார். அவருக்கும் நான் நன்றி சொல்லி மாளாது.

கூண்டில் நின்றேன். “அப்படியானால் சட்டமன்றத்தில் பொய் சொன்னீர்களா?” என்றார் அரசு வக்கீல். “பொய் சொல்லவில்லை. தெருப் பெயரைச் சொன்னேன். அது கேட்பவர்களுக்கு எப்படிப் படும் என்று யோசிக்காமல் சொன்னேன்” என்றேன். எத்தனையோ பேரைக் கூண்டில் நிற்க வைத்துக் குடைந்தவன் நான். அன்று குடையப்பட்டவனும் நானே.

அடுத்தது சித்தி. அரசு வக்கீல் கேட்டார்:

“வாய்க்கால் உங்க வீட்டுக்குப் பக்கத்துலதானேம்மா?”

“பக்கத்துலயா? குழாய் வர்ற வரைக்கும் அங்கேருந்துதாங்க தண்ணி. ஒரு குடத்த மூணு எடத்துல எறக்கி வச்சுத்தான் வீடு வந்து சேருவேன். பக்கத்துல இருந்திருந்தா என் இடுப்பு இப்படிப் போயிருக்குமாங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கோர்ட் சார்பில் ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்து, சர்வேயரோடு போய் அளந்து வரச் சொன்னார். அளக்கும் நாளில் சித்தி அவர்களுக்கு முன்னால் நடந்து, குடம் இறக்கி வைத்த மூன்று இடங்களையும் காட்டினாளாம். நான் சாட்சி என்பதால் பக்கத்தில் போகவில்லை. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் உலாத்திக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு வந்தது. தெரு இருப்பது நத்தம், நோட்டீஸ் செல்லாது. நகலை எடுத்துக்கொண்டு நேரே தெருவுக்குப் போனேன். எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். படித்துக்கொண்டே போனவன், ஒரு வரி வந்ததும் தயங்கினேன். “ஏன் நிறுத்திட்ட, படி” என்றாள் சித்தி. படித்தேன்: முன்னாள் உறுப்பினர் இத்தெருவைப் பற்றிச் சட்டமன்றத்தில் பேசியது நம்பத்தக்கதல்ல.

“அப்படின்னா?”

“நான் சொன்னத நம்ப முடியாதுன்னு எழுதியிருக்காங்க சித்தி. அதனால வீடு நமக்குத்தான்.”

“இன்னும் சத்தமாப் படிடா. கடைசி வீட்டுக்குக் கேக்கல.”

என் பேச்சு நம்பத்தக்கதல்ல என்று நானே உரக்கப் படிக்க, தெருவே கை தட்டியது.