சம்பூர்ணத்தின் சனிக்கிழமைகள்

சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால், பெங்களூர் ஈஜிபுராவில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் சம்பூர்ணத்துக்கு ஒரு பெஞ்சு ஞாபகத்துக்கு வந்துவிடும். சாதாரண மர பெஞ்சுதான். சுவரோரம், கடைசி வரிசை. ஒரு கால் கொஞ்சம் குட்டை என்பதால் அடியில் அட்டையை மடித்து வைத்திருப்பார்கள். அதில் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் அவள் முகம் மலர்ந்துவிடும்.

கோலார் தங்கவயலில் பிறந்தவள் அவள். அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். ஐந்தாவது வரைக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனாள். அப்புறம் அம்மா படுக்கையில் விழுந்துவிட, இரண்டு தம்பிகளும் அடுப்பும் இவள் பொறுப்பாகிவிட்டன. அதை ஒரு குறையாக யாரிடமும் சொன்னதில்லை. “மாரியாத்தா எனக்கு அளந்தது அவ்ளோதான்” என்பாள். ஜெயவேலுவைக் கட்டிக்கொண்டு பெங்களூர் வந்தாள். அவர் டெம்போ ஓட்டினார். இவள் தொம்மலூரில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலையில் சேர்ந்தாள். ஒரே மகள் மமதா.

கொரோனா ஓய்ந்த அடுத்த கோடை அது. மமதா எட்டாவது முடித்திருந்தாள். ஆபீசில் லிப்ட் பக்கத்துச் சுவரைத் துடைக்கும்போது புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கன்னடமும் இங்கிலீஷும். சம்பூர்ணத்துக்கு இரண்டுமே படிக்க வராது. ஆனால் படத்தில் ஒரு பெண்பிள்ளை கையில் ஒயரை வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே போனில் படம் பிடித்து வந்து மகளிடம் காட்டினாள்.

மமதா படித்துச் சொன்னாள். ஓர் அறிவியல் மையத்தில் பத்து நாள் கோடை முகாம். அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம். ஆளுக்கொரு சின்ன மெஷின் செய்யச் சொல்லித்தருவார்கள். கடைசி நாள் குடும்ப நாள். அப்பாவோ அம்மாவோ கூட வர வேண்டும். அன்றைக்கு யாருடைய மெஷின் நன்றாக ஓடுகிறதோ, அப்படி எட்டுப் பேருக்கு வருஷம் முழுக்கச் சனிக்கிழமை வகுப்பில் இடம்.

“அம்மா, அந்த எட்டுல ஒண்ணு எனக்கு வேணும்.”

துணி வேண்டும், செருப்பு வேண்டும் என்றுகூட வாய் திறந்து கேட்காத பிள்ளை. சம்பூர்ணம் அன்றைக்கே மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள்.

பத்து நாளும் மமதா பஸ் ஏறிப் போய் வந்தாள். அட்டையில் ஒரு தெரு செய்தாள், அவர்கள் தெருவே மாதிரி. நடுவில் ஒரு விளக்குக் கம்பம். இருட்டானால் விளக்கு தானாக எரியும், வெளிச்சம் வந்தால் தானாக அணையும். எப்படி என்று சம்பூர்ணம் கேட்டாள். “அது ஒரு சர்க்கியூட்டும்மா, சொன்னா உனக்குப் புரியாது” என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை, அவசரத்தில் சொன்னாள்.

குடும்ப நாள் விடிந்தது. மமதா குளிக்கப் போயிருந்தாள். சம்பூர்ணம் விளக்கேற்றிவிட்டு அட்டைத் தெருவைச் சாமி மாடத்தின் முன்னால் வைத்தாள். வேலை செய்கிற பொருள் எதுவானாலும் பொட்டு வைக்காமல் வெளியே எடுத்துப் போகிற வழக்கம் அவள் வீட்டில் கிடையாது. அப்பா தன் சுரங்கத் தொப்பிக்கு வைத்தார். ஜெயவேலு டெம்போவுக்கு வைப்பார். ஆயுத பூசை வந்தால் ஆபீசில் கம்ப்யூட்டருக்கெல்லாம் பொட்டு வைத்து, லிப்டுக்கு வாழைக்கன்று கட்டுவார்கள். அட்டைப் பெட்டியின் நாலு மூலைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். பின்பக்கம், மேலே, சட்டைப் பொத்தான் அளவில் செம்மண் நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது. பார்த்தால் அதுதான் நெற்றி மாதிரி தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் கெட்டியாகவே வைத்தாள். கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, துண்டு போட்டு மூடிப் பையில் வைத்தாள்.

மையத்தின் ஹாலில் முப்பது மேசைகள். பெரிய பெரிய ஜன்னல். வெயில் தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. மமதா பேர்ச் சீட்டு வாங்கப் போக, சம்பூர்ணமே தெருவை எடுத்து மேசைமேல் வைத்தாள். மகள் ஓடி வந்து ஸ்விட்சைப் போட்டாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

சம்பூர்ணத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாத்தியா கண்ணு, எடுத்த எடுப்புலயே எரியுது!”

மமதாவின் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ அம்மா, இப்ப எரியக் கூடாதும்மா. பகல்ல அணையணும்.”

ஒயரைப் பிடுங்கிச் சொருகினாள். பேட்டரியை மாற்றினாள். விளக்கு அணைவதாக இல்லை. சுற்றிலும் மற்ற பிள்ளைகளின் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. முகாம் நடத்துகிற ஸ்ரீஹர்ஷா சார் கையில் தாளோடு மேசை மேசையாக வந்துகொண்டிருந்தார். நாலு மேசைதான் பாக்கி. குனிந்து அட்டைக்கு அடியில் ஒயரைத் தடவிக்கொண்டே மமதா விசும்பினாள். “கண்ணுதான் வேலை செய்யல போல. வெளிச்சம் அதுக்குத் தெரியல.”

“எது கண்ணு?”

“பின்னாடி மேல இருக்குதே, ரவுண்டா. அதுதாம்மா இதுக்குக் கண்ணு.”

சம்பூர்ணம் தன் விரல் நுனியில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்தாள். சொல்லாமல் இருந்துவிடலாம். மகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் சார் மேசைக்கே வந்துவிட்டார்; தாளில் எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டார்.

“சார், தப்பு என் பொண்ணு மேல இல்ல சார். நான்தான் பொட்டு வெச்சேன். அதோட கண்ணு மேலயே வெச்சிட்டேன்.”

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். “அம்மா!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு மமதா துப்பட்டாவால் துடைத்தாள். சந்தனம் காய்ந்து பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டினாள், மெல்லிய கம்பி பிய்ந்து கையோடு வந்துவிட்டது. விளக்கு எரிந்தபடியே இருந்தது.

சார் கன்னடக்காரர், தமிழைக் கொஞ்சம் வளைத்துத்தான் பேசுவார். “பரவாகில்லம்மா. எங்க வீட்ல தாயி போன வருஷம் வாஷிங் மெஷினுக்கே மாலை போட்டாங்க” என்று சொல்லிவிட்டு, தாளில் என்னவோ எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

சாயங்காலம் எட்டுப் பேரை வாசித்தார்கள். மமதா பேர் இல்லை.

பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் விஷயம் கேட்ட பக்கத்து வீட்டுக் கிரேஸ் சும்மா இருக்கவில்லை. கிரேஸும் தங்கவயல்காரி, அதே ஆபீசில்தான் வேலை. “அக்கா, உங்க சாமி லைட்ட எரிய வெச்சாரு, ஆஃப் பண்ண மறந்துட்டாரு” என்றாள். மமதாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் சம்பூர்ணம் உள்ளே போய் அழுதாள்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் மையத்துக்குப் போனாள். சாரைப் பார்த்துக் கும்பிட்டாள். “நான் செஞ்சதுக்கு அவள ஒதுக்காதீங்க சார்.”

“லிஸ்ட் மேல போயாச்சும்மா. நான் மாத்த முடியாது” என்றவர், கொஞ்சம் யோசித்தார். “ஒண்ணு பண்ணலாம். கிளாஸ்ல சீட்டு இல்லாத பசங்க பின்னாடி உட்கார்ந்து பார்க்கலாம். ரூல் இருக்கு. ஆனா வீட்ல ஒரு பெரியவங்க கூடவே உட்காரணும். அப்படி யாரும் வர்றது இல்ல. நீங்க வர்றீங்களா?”

சனிக்கிழமை அவளுக்கு வேலை நாள். கிரேஸிடம் கேட்டாள். இவள் சனிக்கிழமையை அவள் பார்ப்பது, அவள் ஞாயிற்றுக்கிழமை ஷிப்டை இவள் பார்ப்பது என்று முடிவானது. “எனக்கு என்னா கசக்குதா? நிம்மதியா சர்ச்சுக்குப் போவேன்” என்றாள் கிரேஸ்.

அப்படி ஆரம்பித்தவைதான் அந்தச் சனிக்கிழமைகள். முதல் நாள் கை சும்மா இருக்கவில்லை. மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துக் காகிதத்துண்டுகளைக் கூட்டத் தொடங்கிவிட்டாள். சார் ஓடிவந்து வாங்கி வைத்தார். “இங்க நீங்க கிளாஸுக்கு வந்திருக்கீங்கம்மா.” காது சூடாகிப் போய் உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு அப்புறம் வகுப்பில் உட்காருகிறாள். சாக்பீஸ் வாசனைகூட மாறவில்லை.

முதலில் ஒன்றும் புரியவில்லை. போகப் போகக் கொஞ்சம் பிடிபட்டது. ரெசிஸ்டர் என்று ஒரு துண்டு, கரண்டை மட்டுப்படுத்துவது. அரிசி அளவுதான் இருக்கும், வளையல் அடுக்கின மாதிரி உடம்பெல்லாம் கோடு. கோட்டின் நிறத்தைப் பார்த்து அதன் பலத்தைச் சொல்லலாமாம். நிறம் பார்க்கிற வேலை அவளுக்குக் கைவந்தது. பிள்ளைகள் கொட்டிக் கலந்துவிடும் துண்டுகளை வகுப்பு முடிவதற்குள் நிறவாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டுவிடுவாள். “ஆன்ட்டி, பிரவுன் பிளாக் ரெட் குடுங்க” என்று எட்டுப் பேரும் அவளிடமே வந்து கேட்டார்கள். பஸ்ஸில் திரும்பும்போது மமதா அன்றைய பாடத்தை மறுபடி சொல்லுவாள். புரியாது என்று அப்புறம் அவள் சொன்னதே இல்லை. ஆயுத பூசையன்று சார் குங்குமக் கிண்ணத்தை இவள் கையில் கொடுத்து, “எல்லாத்துக்கும் வையுங்க, கண்ணு இருக்கிறத விட்டுடுங்க” என்றார். ஹாலே சிரித்தது. அன்றைக்கு அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மறு கோடையில் மமதா திரும்பவும் முகாமுக்குப் போனாள். இந்த முறை எட்டில் முதல் பேராக வாசித்தார்கள். இப்போது அவள் டிப்ளமோ இரண்டாம் வருஷம், எலெக்ட்ரானிக்ஸ். மகளை நினைத்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சம்பூர்ணம் நன்றி சொல்லத் தவறுவதில்லை.

ஆனால் இடம் கிடைத்த பிள்ளைக்குப் பெரியவர் துணை தேவையில்லை. அதை அவள் யோசிக்கவே இல்லை. இடம் கிடைத்த அந்த வருஷத்தின் முதல் சனிக்கிழமை மமதா மட்டும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கிரேஸோடு மாற்றிக்கொண்ட ஷிப்ட் அப்படியே இருந்ததால் சம்பூர்ணத்துக்கு வேலை இல்லை. வீட்டைப் பெருக்கினாள், துணியை மடித்தாள், பத்து மணிக்குள் எல்லா வேலையும் தீர்ந்துபோயிற்று. மனம் கேட்கவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மையத்தின் கேட்டில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கடைசி பெஞ்சின் நுனியில், ஒரு பிள்ளைக்குத் துணையாக வந்த யாரோ ஓர் அம்மா, மடியில் மணிபர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எழுந்துவிடுவது போலவே உட்கார்ந்திருந்தாள். நல்லா சாஞ்சு உட்காரும்மா என்று சொல்ல வேண்டும் போலிருந்தது சம்பூர்ணத்துக்கு.

வாட்ச்மேன் லாயிட் அவளைப் பார்த்துவிட்டு வழக்கம்போலக் கேட்டைத் திறந்தார். “என்னக்கா, லேட்டா? போங்க உள்ள.”

“இல்லண்ணா” என்றாள் சம்பூர்ணம். “என் பொண்ணுக்குத்தான் சீட்டு கெடச்சிடுச்சே.”