ஷோகேஸில் ஜாக்குலின்

நாளிதழைக் கையில் வாங்கியதும் ராஜாமணி முதல் பக்கத்தைப் பார்ப்பதில்லை. மாவட்டச் செய்திப் பக்கத்தை உருவி எடுக்கிறார். ‘வெட்டிக் கொலை’, ‘தீக்குளித்துச் சாவு’ என்று விரல் இறங்கி ஊர்ப் பெயரில் நிற்கிறது. “பெருமுக்கல்லு. நம்ம கல்யாணமா இருந்தாலும் இருக்கும்” என்றபடி எழுந்து, பீரோ மேலிருந்து ஒரு பழைய ஸ்வீட் பெட்டியை இறக்குகிறார். பெட்டி நிறைய அந்த ஊர்க் கல்யாண நெகட்டிவ்கள்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருக்கிறார். மேல்மலையனூர் முதல் கண்டமங்கலம் வரை, மாலையும் கழுத்துமாக அவர் கேமரா முன் நின்ற ஜோடிகள் ஏராளம். அவர்களில் யாராவது கொலையானால் சென்னையிலிருந்து வரும் ஒரு குற்ற வார இதழ் அவரைத்தான் கூப்பிடும். “பொணத்த எவன் வேணா எடுப்பான் சார். மணக்கோலத்துல இருக்கற படம் என்கிட்டதான இருக்குது?” என்பார் என்னிடம்.

ஆளைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். சட்டைப் பையில் எப்போதும் சீப்பு. படம் எடுக்க வருகிறவர்களுக்கு அவரே வகிடு எடுத்துவிடுவார்; அழும் குழந்தையைச் சிரிக்கவைக்கக் குரங்கு மாதிரி குதிப்பார். படம் விற்ற வீட்டுத் துக்கத்துக்கும் மாலையோடு போய் நிற்பார். “நம்ம கஸ்டமரு சார். போகாம இருந்தா நல்லா இருக்குமா?” இந்த வியாபாரம் சரியா என்று கேட்டால் மட்டும் குரல் ஏறும். “நானா கொன்னேன்? எழுதறவரு சும்மாவா எழுதறாரு? படிக்கறவன் காசு குடுத்துதான வாங்கறான்? எல்லாரையும் வுட்டுட்டு என்னாண்ட வந்து நாயம் பேசறீங்க.”

எலிசா விஷயத்தில்தான் அவருக்குக் கொஞ்சம் பேஜாராகிவிட்டது. எலிசாவை அவள் கணவன் சந்தேகப்பட்டுக் கொன்று இரண்டு வருடமாகிறது. அப்போது யாரும் கண்டுகொள்ளாத வழக்கு. போன மாதம் விழுப்புரம் கோர்ட்டில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்ததும் வார இதழ் விழித்துக்கொண்டது. மத்தியான பஸ்ஸில் படம் வந்தாக வேண்டும் என்றார்கள். பெட்டியைத் துழாவியதில், மாதா கோயில் வாசலில் எலிசாவும் தங்கை ஜாக்குலினும் சேர்ந்து நிற்கும் படம் கிடைத்தது. கல்யாணப் பெண்ணுக்கும் வெள்ளைப் பட்டு, தோழிப் பெண்ணுக்கும் வெள்ளைப் பட்டு. கல்யாணப் பெண் தலையில் போடும் வெள்ளை வலையை எலிசா அதற்குள் கழற்றியிருந்தாள். எந்த முகம் யாருடையது என்று ராஜாமணிக்கு நினைவில்லை. ஒருத்தி வாய்நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைத் தனியாக வெட்டி அனுப்பிவிட்டார்.

“கல்யாணப் பொண்ணுதான சார் சிரிக்கும்?” என்று என்னிடமே கேட்டார்.

சிரித்தவள் தங்கை. ‘கள்ளக்காதலுக்குப் பலியான கட்டழகி’ என்ற எழுத்துகளுக்குக் கீழே அட்டையில் வந்தது ஜாக்குலின் முகம். அவளுக்குக் கண்டமங்கலத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. கல்யாண அறிவிப்பைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். ஓலை என்று பெயர். அம்மா லூர்துசெல்வியை அழைத்துக்கொண்டு ஜாக்குலின் ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

“அண்ணே, ரெண்டு ஓலை படிச்சாச்சு. மூணாவது வேணாம்னு மாப்ள வூட்ல நிறுத்திட்டாங்க. சொந்தக்காரங்க பூரா அந்த அட்டைய வச்சிக்கினு இந்தப் பொண்ணான்னு கேக்கறாங்களாம்.”

“கையத் தவறிப்போச்சும்மா. மறுப்புப் போடச் சொல்றேன்.”

“எங்கக்காவுக்கு கள்ளக்காதலுன்னு எழுதனாங்களே, அதுவும் பொய்யின்னு போடச் சொல்லுங்க.”

“அது எழுதனவங்க பாடு. படம் மட்டுந்தாம்மா நம்முது.”

“ஒம் பொண்ணா இருந்தா விப்பியாடா நீ?” என்றார் லூர்துசெல்வி. ராஜாமணி சேரை நகர்த்திப் போட்டு, இரண்டு டீ சொன்னார். யாரும் குடிக்கவில்லை.

மறுப்பு வரவில்லை. அடுத்த வாரம் ஜாக்குலினே ஒரு வழி சொன்னாள்: அவளைப் படம் எடுத்து, செத்தவள் இவள் அல்ல என்று எழுதி ஸ்டுடியோ ஷோகேஸில் வைக்க வேண்டும். ராஜாமணி உடனே ஒப்புக்கொண்டார். அவரே வகிடு எடுத்துவிட்டார். “லைட்டா சிரிம்மா.” அவள் சிரிக்கவில்லை. ‘இவர் ஜாக்குலின். கொலையான எலிசா இவர் அல்ல’ என்று அட்டையில் எழுதிப் படத்துக்கு அடியில் ஒட்டினார். பக்கத்திலேயே அந்த வார இதழின் அட்டையையும் மாட்டினார். அது அவர் சொந்த யோசனை. “எது தப்புன்னு ஜனத்துக்குத் தெரியணுமில்ல?”

ஜனம் வந்தது. பஸ் மாறுகிறவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வறுத்த மல்லாட்டைக் கடலை விற்கிறவர் தள்ளுவண்டியை அங்கேயே கொண்டுவந்து போட்டார். “அந்தப் பொண்ண எடுத்த கடை இதானே?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

நான் போயிருந்த அன்று, பொழுது சாயும் நேரம். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பெண் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு நின்றாள். “தங்கச்சிக்காரிய பாருடா. இன்னா அழுத்தம் மூஞ்சியில!” என்றான் ஒருவன். அவள் அவனை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஜாக்குலின்தான்.

“போதுண்ணே. ரெண்டையும் எடுத்துடுங்க.”

“எடுத்துடறேம்மா” என்றார் ராஜாமணி. “நாளைக்கு அமாவாச. மேல்மலையனூர் கோயிலுக்குப் போற கூட்டம் பூரா இங்கதான் பஸ் மாறும். நாலு ஜனம் உண்மையத் தெரிஞ்சிக்கட்டுமே.”

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. எழுத்து தெரியாமல் யாரோ கண்ணாடிக்கு அருகே குனிந்தார்கள். ராஜாமணி உட்கார்ந்தபடியே கையை நீட்டி ஷோகேஸ் விளக்கைப் போட்டார்.