காசுக்கு வந்த மகள்

அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அக்கா இதை வியாதி என்பாள். நான் அதைத்தான் தொழிலாக்கினேன்.

அதற்கு முன் ஆறு வருடம் பாசிக்குடா ஹோட்டலொன்றில் வரவேற்பு மேசையில் நின்றேன். வேலை நல்லதுதான், ஆனால் அங்கேயே தங்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள்தான் தன்னாமுனைக்கு வருவேன். கணவர் கட்டாரில், மகள் அக்கா வீட்டில். ஒரு மாரிமழைக்கு வழக்கம்போல ஹோட்டலை மூடினார்கள். அந்த மாதங்கள் முழுக்க மகளோடு ஒரே பாயில் படுத்தெழும்பிய பிறகு எனக்குத் திரும்பிப் போக மனமே இல்லை. சித்திரையில் ஹோட்டலிலிருந்து கூப்பிடுவார்கள். அதற்கு முன் வீட்டிலிருந்தபடி ஒரு தொழில் பிடிபட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

என்ன தொழில்? விசாரித்துப் பார்த்தேன். எங்கள் ஒழுங்கையில் மட்டும் நாலு வீட்டில் தையல் மெஷின் இருந்தது. கேக் அடிப்பவர்கள் அதைவிட அதிகம். மணப்பெண் அலங்காரம் செய்கிற ஒருத்தியின் வீட்டில் அரை நாள் குந்தியிருந்து பார்த்தேன். அவளுக்கு இருந்த பொறுமையில் கால்வாசிகூட எனக்கு வராது. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கலாம் என்றால், என் ஆங்கிலம் அறைச் சாவியும் வெந்நீரும் தாண்டாது.

பிறகுதான் பஸ் தரிப்பிடத்தைக் கவனித்தேன். விடிந்தும் விடியாததுமாக வயதானவர்கள் கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்பார்கள். சும்மா இருக்க என்னால் முடியுமா? பேச்சுக் கொடுத்தேன். பிள்ளைகள் சுவிஸ், கனடா, டோஹா. டாக்டர் சொன்னதில் பாதி விளங்காது, மீதி வீட்டுக்கு வருமுன் மறந்துபோகும். பிள்ளை ஃபோனில் கேட்டால் "எல்லாம் நல்லம்" என்பார்கள். கூடப் போய், நம்பர் எடுத்து, டாக்டர் சொல்வதை எழுதி, பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஓர் ஆள் வேண்டும். நான் அதற்கென்றே பிறந்தவள் என்று எனக்குத் தோன்றியது.

வாசல் படலையில் ஒரு போர்டு கட்டினேன்: 'வைத்தியசாலைக்குத் துணைக்கு வரப்படும்.' இரண்டு கிழமையாக ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள்.

"போர்டப் பாத்து உங்கட வாசலுக்கு ஒருத்தர் வந்தா, அவர பிள்ளையள் பாக்கிறல்ல எண்டு ஊருக்கே தெரிஞ்சிரும் கா. ஆரு வருவாங்க?"

அன்றே கழற்றினேன். அவள் வாய்வழியாகவே செய்தி பரவியது, அதில் அவளும் எனக்குக் குறைந்தவள் இல்லை. மூன்று பேர் ஃபோன் எடுத்தார்கள். மூவருமே முதலில் கேட்டது, "ஆஸ்பத்திரியில ஆராவது கேட்டா என்னெண்டு சொல்லுவீங்க?" என்பதைத்தான். எனக்கு இது புதினமாக இருந்தது. அவர்களுக்குத் துணையைவிடச் சொந்தம்தான் தேவைப்பட்டது. ஏறாவூரிலிருந்து பேசிய உம்மா ஒருவர் மகனின் கூட்டாளியின் மனைவி என்று சொல்லச் சொன்னார். நகரத்துப் பறங்கி அன்ரி தேவாலயத்துச் சிநேகிதி என்றார். மூன்றாமவர் கடதாசி ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர், பக்கத்து ஊர். அவர், "மகள் எண்டு சொல்லு புள்ள" என்றார். அவருக்கு இருந்தது சுவிஸில் ஒரே மகன்.

சீனி வருத்தம், கண், கால் என்று அவருக்கு அடிக்கடி கிளினிக் இருந்தது. சொல்லப்போனால் என் தொழில் அவர் ஒருவரில்தான் நின்றது. நான் அவரை அப்பா என்று கூப்பிட்டேன். பொய் இவ்வளவு லேசாக வாயில் வருமா என்று எனக்கே ஆச்சரியம்.

பங்குனியில் ஒரு நாள் கண் கிளினிக். அவரை மர வாங்கில் இருத்திவிட்டு நம்பர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது பக்கத்தில் வாவிக்கு அக்கரை, படுவான்கரையைச் சேர்ந்த ஓர் அம்மா இருந்தார். இருவரும் கோயில் திருவிழா, யார் யாருக்கு எந்த நாள் பூசை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"மகளா? என்ன குடி புள்ள?"

சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய கேள்வி. யோசிக்காமல் என் குடியின் பெயரைச் சொன்னேன்.

அந்த அம்மாவின் முகம் மாறியது. "தகப்பனும் அதே குடி எண்டாரே. அப்ப தாய்?"

எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சம் தாய்வழியாக வருவது. ஒரே குடிக்குள் கலியாணம் செய்தால் அண்ணன் தங்கையைக் கட்டியது மாதிரி. ஊரில் எல்லாருடைய வீட்டு விஷயமும் விசாரிக்கிற நான், அப்பா என்று கூப்பிட்ட மனிதரிடம் அவருடைய குடியைக் கேட்டதே இல்லை. வாங்கில் இருந்த நாலைந்து பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்து கொப்பியின் மூலையை மடித்துக்கொண்டிருந்தார். செத்துப்போன அவர் மனைவியை முறைகெட்டுக் கட்டியவள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியது.

உண்மையைச் சொன்னால் அவர் இனி என்னைக் கூப்பிட மாட்டார். அதோடு நான் பாசிக்குடாவுக்குப் போக வேண்டியதுதான். அது தெரிந்துதான் சொன்னேன்.

"நான் இவர்ட மகள் இல்லம்மா. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வாறதுக்கு எனக்குக் காசு தாறவர். மகள் எண்டு சொன்னது பொய்."

அந்த அம்மா ஒரு பெருமூச்சு விட்டார். "அதச் சொல்லுறதுக்கென்ன" என்றார்.

திரும்பும்போது ஓட்டோவில் அவர் வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு அழுகை வந்தது. அவரை வெட்கப்படுத்திய கவலை ஒரு பக்கம், என் பிழைப்பு போன கவலை மறுபக்கம். எது பெரிது என்று இன்றைக்குக் கேட்டாலும் நேர்மையாகச் சொல்ல மாட்டேன்.

அவர் வீட்டு வாசலில் இறங்கி நின்று சொன்னார்:

"நீயும் என்ட குடிதானே. அப்ப உன்ட அம்மா முறைக்கு எனக்குத் தங்கச்சி, நீ தங்கச்சிட மகள். மருமகள்."

"ஓம்" என்றேன்.

"மருமகளுக்குக் காசு குடுத்துத் துணைக்குக் கூப்பிடுறது முறையில்ல."

முடிந்தது என்று நினைத்தேன். அவர் படலையைத் திறந்து, ஒரு கையால் பிடித்தபடி நின்றார்.

"அதால மருமகள் எண்டத நாம ரெண்டு பேரும் அறிஞ்சாப் போதும். இனி ஆரும் கேட்டா, காசுக்கு வாறவ எண்டே சொல்லு. நானும் அப்பிடித்தான் சொல்லுவன். வாற புதன் சீனிக் கிளினிக், மறந்திராத."

அன்று பின்னேரமே ஹோட்டலுக்கு நானாக ஃபோன் எடுத்து, இந்தமுறை வரமாட்டேன் என்று சொன்னேன். மகள் கதவோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பழக்கம் அவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

"அப்ப திங்கக்கிழமையும் நீங்கதானா எனக்குத் தலை பின்னுவீங்க?" என்று கேட்டாள்.

"ஓம்."

"செவ்வாய்க்கிழமை?"

"ஓம்."

ஞாயிறு வரைக்கும் ஒவ்வொரு நாளாகக் கேட்டு முடித்துவிட்டுத்தான் விளையாடப் போனாள்.