அட்டைப்பெட்டிக்குள் இருந்த ஊசி

எங்கள் குடியிருப்பில் குப்பைக்கு நான்தான் போலீஸ். யாரும் நியமிக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்ட பதவி. பெங்களூரு தொம்மலூரின் பழைய சந்துகள் முடிந்து ஆபீஸ் கட்டடங்கள் தொடங்கும் இடத்தில் நான்கு மாடி, பன்னிரண்டு வீடு. பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கும் பொழுது போகவேண்டாமா? ஈரக் குப்பை தனி, உலர் குப்பை தனி. டயப்பர், நாப்கின் எல்லாம் செய்தித்தாளில் சுற்றி, சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டுத் தனி. பால் கவரைக் கழுவிக் காயவைத்துப் போடவேண்டும். அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கிப் போடவேண்டும். இதில் என்ன பெரிய கஷ்டம்? எம்.டெக். படித்தவர்களுக்குக்கூட இது மட்டும் மண்டையில் ஏறாது.

உலர் குப்பை வண்டி வாரத்தில் இரண்டு நாள்தான் வரும். அதுவரை எல்லா வீட்டுப் பைகளும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறையில் கிடக்கும். வண்டி வரும் நாளில் நான் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கிப் பைகளைத் திறந்து பார்ப்பேன். உலர் பையில் சாம்பார் ஒழுகினால் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிடுவேன். பெயர் போடமாட்டேன். போடவே வேண்டாம், யார் வீட்டுப் பை எது என்று எல்லாருக்கும் தெரியும். என்னை முதுகுக்குப் பின்னால் திட்டினார்கள். திட்டட்டும், எங்கள் வாசலில் மட்டும்தான் குப்பை குவியாமல் இருந்தது.

அன்று காலை அந்த அறையில் ஒரு கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி தனியாகக் கிடந்தது. எந்தப் பையிலும் இல்லை. தட்டையாக்கவில்லை என்பது மட்டுமில்லை, வாயைச் சுற்றி டேப் வேறு ஒட்டியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை தடவைதான் சொல்வது? பெட்டியைத் தரையில் வைத்து, என் கோபத்தையெல்லாம் சேர்த்து உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தேன். பெட்டி தட்டையாகிவிட்டது. கையில் எறும்பு கடித்ததுபோலச் சுருக்கென்றது.

கையுறையைக் கழற்றினேன். உள்ளங்கை நடுவில் ஒரு சொட்டு ரத்தம். பெட்டியைக் கிழித்துப் பார்த்தேன். உள்ளே நாலைந்து சின்ன சிரிஞ்சுகள், டிஷ்யூ காகிதத்தில் சுற்றியிருந்தன. மூடி கழன்று போன ஒன்றின் ஊசி அட்டையைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மருந்துப் பெயர் ஒட்டியிருந்த காகிதத்தை யாரோ நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் பிடித்தது. வெறும் சர்க்கரை வியாதிக்காரர்கள் எதற்காகப் பெயரைச் சுரண்டவேண்டும்?

கணவர் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயது டாக்டர், தமிழ்ப் பையன்தான். கையைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினார். டாக்டர்கள் மெதுவாகப் பேசினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"பயப்படாதீங்க மேடம். சான்ஸ் ரொம்பக் கம்மிதான். ஆனா ரிஸ்க் எடுக்க வேண்டாம், எச்.ஐ.வி.க்கு இன்னிக்கே மாத்திரை ஆரம்பிச்சிடலாம். ஒரு மாசம் விடாம சாப்பிடணும். மஞ்சள் காமாலைக்கு ஊசி போட்டுடறேன். ஊசி யாருதுன்னு தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சா அவங்களைக் கூட்டிட்டு வாங்க. டெஸ்ட் பண்ணி ஒண்ணுமில்லைன்னா மாத்திரையை நிறுத்திடலாம். இல்லைன்னா மாத்திரையை முடிச்சிட்டு, கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி உங்களுக்கு டெஸ்ட். அதுவரைக்கும் வெயிட் பண்ணணும்."

எச்.ஐ.வி. என்ற வார்த்தையை அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் குழுவில் எழுதினேன். என் கையில் ஊசி குத்திவிட்டது, யாருடையது என்று தயவுசெய்து சொல்லுங்கள், தனியாக வந்து சொன்னால் போதும் என்று. என் வாழ்க்கையில் அந்தக் குழுவில் 'தயவுசெய்து' என்று நான் எழுதியது அதுதான் முதல் முறை. எல்லாரும் படித்துவிட்டார்கள். கைகூப்பும் பொம்மைகள் வந்தன, 'டேக் கேர் ஆன்ட்டி' வந்தது. ஊசிக்காரர் வரவில்லை. எப்படி வருவார்கள்? சாம்பார் ஒழுகியதற்கே சந்தி சிரிக்க வைத்தவள் நான்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரைப் பிடித்தேன். கன்னடக்காரர், நல்ல மனுஷர், எதையும் தள்ளிப்போடுவார். குப்பை அறைக்கு எதிரே கேமரா இருக்கிறதே, பழைய பதிவை எடுத்துப் பாருங்கள் என்றேன். கேமரா மாட்டிய ஆள் வந்தால்தான் எடுக்க முடியும், அவன் ஊரில் இல்லை என்றார். நான் விடவில்லை. காலையும் மாலையும் போன் போட்டு அவரைப் பிடுங்கி எடுத்தேன். கடைசியில் வரும் ஞாயிறு கூட்டத்துக்கு அவனை வரவழைக்கிறேன், எல்லார் முன்னாலும் போட்டுப் பார்த்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்தார்.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது? மாத்திரை குமட்டியது. அதைவிடப் பயம் அதிகமாகக் குமட்டியது. என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தேன். தட்டு, டம்ளரால் எல்லாம் பரவாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், புத்திக்குத் தெரிகிறது, மனசு கேட்டால்தானே! கத்தியைத் தொடவே பயம். விரலை வெட்டிக்கொண்டு ரத்தம் காய்கறியில் பட்டால்? கணவர்தான் பீன்ஸ் நறுக்கினார். ஒன்று விரல் நீளம், ஒன்று பொடி. வேறு நாளாக இருந்தால் பிலுபிலுவென்று பிடித்திருப்பேன். பேசாமல் அள்ளி வாணலியில் போட்டேன்.

லிப்ட்டில் ஏறினால் எல்லார் கையையும் பார்ப்பேன், எங்காவது ஊசித் தழும்பு இருக்கிறதா என்று. மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் மனிதர் இளைத்துக்கொண்டே வருகிறாரே, அவரா? அவர்களும் என்னைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் தினமும் என் தொட்டியிலிருந்து கறிவேப்பிலை பறித்துக்கொண்டு போவாள், நிறுத்திவிட்டாள். நான் ஏறினால் குழந்தைகளைத் தாய்மார்கள் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று கத்தவேண்டும் போல இருந்தது. ஆனால் அது எனக்கே தெரியாதே. பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் யாரோ மெதுவாகக் கதவைத் தட்டினார்கள். மணி அடிக்கவில்லை. திறந்தால் எங்களுக்கு நேர் மேல் வீட்டுப் பெண். தர்மபுரிப் பக்கம், கணவன் மனைவி இரண்டு பேருக்கும் ஐ.டி. வேலை. நாலைந்து மாதமாக மாமியாரும் வந்து இவர்களோடு இருக்கிறார். எனக்கு அந்தக் குடும்பத்தைப் பிடிக்கும், அந்தக் கட்டடத்திலேயே பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போடுவது அந்த மாமியார் ஒருவர்தான்.

உள்ளே வந்து கதவைத் தானே சாத்தினாள். உட்காரவில்லை.

"ஆன்ட்டி, அது என்னுது."

சத்தியமாகச் சொல்கிறேன், அறைந்திருப்பேன். கை தூக்கியும் விட்டேன். அதற்குள் பயம் முந்திக்கொண்டது.

"உனக்கு என்னடி வியாதி? சொல்லித் தொலை!"

"வியாதி இல்ல ஆன்ட்டி. குழந்தைக்கு."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். கல்யாணமாகி ஆறு வருடம். ஆஸ்பத்திரியில் கரு உண்டாக்கி வைப்பதற்கு முன்னால் தினமும் வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசியாம் அது. பாத்ரூமுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தானே குத்திக்கொள்கிறாள்.

"அத்தைக்குத் தெரியாது ஆன்ட்டி. அவங்க சொந்தத்துல ஒருத்தங்களுக்கு இப்படித்தான் பொறந்துச்சு. அந்தக் குழந்தையை இவங்க தூக்கவே இல்ல. ஆஸ்பத்திரில எதைக் கலந்து வெச்சாங்களோ, யாரு பிள்ளையோன்னு பந்தியில உக்காந்து பேசினாங்க. இவருக்கும் அவங்க முன்னாடி வாய் வராது. வீட்டுக் குப்பையை அவங்கதான் பிரிக்கிறாங்க. கீழ வந்தா நீங்க பிரிக்கிறீங்க. நான் எங்கதான் போடுறது? சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்கே எடுத்துட்டுப் போயிருக்கணும், ஊசியைப் போட்டு வைக்க டப்பா கூடக் குடுத்தாங்க. அது பெருசா மஞ்சளா இருக்கு, வீட்ல எங்க ஒளிச்சு வைக்கறது?"

ஆரம்பிப்பதற்கு முன்பே இருவருக்கும் எல்லா ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிட்டார்கள், ஒன்றும் இல்லை என்று சொன்னாள். எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். ஆனால் கேட்டபின்னும் நெஞ்சு அடங்கவில்லை. வாயால் சொன்னதை நம்பி மாத்திரையை எப்படி நிறுத்துவது? அவளே புரிந்துகொண்டாள். "உங்க டாக்டர்கிட்ட வரேன் ஆன்ட்டி, இப்பவே எடுக்கட்டும்" என்றாள்.

மாமியார் இல்லாமல் அவளை வெளியே கிளப்புவதுதான் பெரிய பாடு. நானே மேலே போனேன். பழைய சார்ஜர், செத்துப்போன மொபைல் எல்லாவற்றையும் மின்குப்பை வாங்கும் இடத்தில் கொடுக்கவேண்டும், பை கனம், இந்தப் பெண்ணைக் கொஞ்சம் அனுப்புங்கள் என்றேன். "தாராளமா கூட்டிட்டுப் போம்மா, நல்ல காரியம்தானே" என்று தன் பழைய டார்ச் லைட்டையும் எடுத்துக் கொடுத்தார் அந்த அம்மாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்க நீட்டிய கையை அவள் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவு வரும்வரை இருவரும் சார்ஜர் பையை நடுவில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் வெளியே வந்து, ஒன்றுமில்லை, மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார். நான் ஓவென்று அழுதேன். அவள் அழவில்லை.

"ஆன்ட்டி, ஞாயித்துக்கிழமை கேமரா பாக்கப் போறாங்களாமே" என்றாள்.

நான் அதை மறந்தே போயிருந்தேன். வீடு திரும்பியதும் செயலாளருக்குப் போன் செய்தேன். எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது, ஆள் யாரென்று இனிமேல் தேடவேண்டாம், விட்டுவிடுங்கள் என்றேன். "பிடல்ல மேடம்" என்றார் அவர். விடவே மாட்டாராம். குழந்தைகள் விளையாடும் இடம், எல்லாரும் பயந்துபோயிருக்கிறார்கள், நீங்கள்தானே மேடம் தினமும் கேட்டீர்கள் என்றார். எதையும் தள்ளிப்போடும் மனுஷருக்கு அன்றைக்கென்று பார்த்து வீரம் வந்துவிட்டது.

இரண்டு நாளும் மேல்வீட்டில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டால்கூட எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமியாருக்குத் தெரிந்துவிட்டதோ? என் உயிருக்குப் பயந்தபோதாவது மாத்திரை என்று ஒன்று இருந்தது. இதற்கு என்ன இருக்கிறது? ஆறு வருடம் காத்திருந்து வரப்போகும் குழந்தையை அந்த அம்மாள் தூக்கமாட்டேன் என்றுவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள், வேறெந்தக் கூட்டத்துக்கும் இப்படி வந்ததில்லை. அந்தப் பெண் மாமியாருக்குப் பின்னால் நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை. கேமராக்காரன் லேப்டாப்பைத் திறந்து வயரைச் சொருகிக்கொண்டிருந்தான். என் கணவர் எனக்குப் பக்கத்தில் காபியும் ஒரு துண்டு மைசூர்பாகுமாக உட்கார்ந்திருந்தார்.

நான் எழுந்தேன்.

"அதைப் போட வேண்டாம். அது எங்க வீட்டு ஊசிதான். இவருக்குச் சர்க்கரை. வெளியில தெரிய வேண்டாம்னு நான்தான் அந்தப் பெட்டியில போட்டு வெச்சேன். போட்டதை மறந்து நானே அடிச்சுக் குத்திக்கிட்டேன்."

கணவர் என்னை ஒரு தடவை பார்த்தார். மைசூர்பாகை மெதுவாகத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

அப்புறம் கேட்கவா வேண்டும்! இத்தனை வருடம் போட்டோ போட்டதற்கெல்லாம் வட்டியும் முதலுமாக வாங்கிக்கொண்டேன். எதிர்வீட்டு அம்மாள் என்னைக் குப்பை அறைப் பக்கமே வரக்கூடாது என்றாள். கன்னடத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும் ஏச்சு விழுந்தது. எல்லாருக்கும் கடைசியாக மேல்வீட்டு மாமியார் எழுந்து என் முன்னால் வந்து நின்றார். கோபத்தில் அவர் குரல் உடைந்தது.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவ நீ இப்படிச் செய்யலாமா? எங்க வீட்டுப் பொண்ணுதான் தினம் குப்பையை எடுத்துட்டுக் கீழ போவுது. ஒரு புள்ளை பொறக்காதான்னு நான் வேண்டாத சாமி இல்ல. உன் ஊசி அதைக் குத்தியிருந்தா நான் என்னம்மா பண்ணுவேன்?"

"தப்புதாம்மா. மன்னிச்சுக்கங்க."

அவருக்குப் பின்னால் அந்தப் பெண் அழத் தொடங்கியிருந்தாள். "அத்தை, ஆன்ட்டி இல்ல, அது வந்து..." என்று வாயைத் திறந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"நீ சும்மா இரு" என்று அந்தக் கூட்டத்துக்கே கேட்கும்படி கத்தினேன். "பெரியவங்க பேசறப்ப உனக்கு என்ன பேச்சு?"

மாமியார் சட்டென்று திரும்பி மருமகளின் தோளைத் தன் பக்கம் அணைத்துக்கொண்டு, "எம் பொண்ணை அதட்டற வேலை வெச்சுக்காத" என்றார் என்னிடம்.