மணலில் பேசிய பிள்ளை

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. சுனாமிக்கு அடுத்த வருஷம், முதலியார்பேட்டையில் ஒரு சின்ன நர்சரி பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சராகச் சேர்ந்தேன். முப்பது பிள்ளைகளையும் கையைக் கட்டி, வாயில் விரல் வைத்து உட்கார வைப்பதுதான் முதல் வேலை என்றார் கரஸ்பாண்டண்ட். பள்ளிக்கூடம் அவருடையது. சத்தம் கேட்டால் வாசலில் வந்து நின்றுவிடுவார். நானே பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து ஜன்னலுக்குப் போகிற ஆள். நாலு வயசுப் பிள்ளைகளை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உட்காரச் சொல்வேன்?

அதில் ஒரு பிள்ளை வாயே திறக்கவில்லை. ஜூனில் சேர்ந்தாள், தீபாவளி போய்ப் பொங்கலும் போனது, ஒரு வார்த்தை இல்லை. அப்பாவுக்கு ஊர் ஓரத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அம்மாதான் நடத்திக் கூட்டி வருவாள். வீட்டில் பிள்ளை வாய் ஓயாமல் பேசுவாளாம், அம்மா சத்தியம் செய்யாத குறை. மார்ச் மாதம் வாய்மொழித் தேர்வு. அதிலும் பேசாவிட்டால் இன்னொரு வருஷம் இதே வகுப்புதான் என்று கரஸ்பாண்டண்ட் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அம்மா கேட் பக்கத்தில் நின்று அழுதாள். உழவர்கரையில் என் வீட்டுக்கு டெம்போவில் திரும்பும்போதெல்லாம் எனக்கு இதே நினைப்பு. இரண்டு தடவை இறங்க வேண்டிய இடத்தையே விட்டுவிட்டேன்.

அப்போது பள்ளிக்கு மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் லாரி மணல் கொட்டிக் கிடந்தது. ஒரு நாள் என்னால் முடியவில்லை, முப்பது பேரையும் எழுப்பி அங்கே விட்டுவிட்டேன். யூனிஃபார்ம் அழுக்காகும் என்று கரஸ்பாண்டண்ட் கத்தினார். தாய்மார் வருவதற்கு முன்னால் தட்டிவிட்டு உள்ளே கொண்டுவந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். கட்டட வேலை நடக்காத நேரமாகப் பார்த்து தினமும் அரைமணி. என் பிடிவாதம் பார்த்து மனுஷர் விட்டுவிட்டார்.

அவள் நாலு நாள் ஓரமாக நின்று பார்த்தாள். ஐந்தாம் நாள் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்தாள். ஈர மணலை அமுக்கிக் கவிழ்த்து இட்லி ஊற்ற ஆரம்பித்தாள். நான் மூச்சு விடாமல் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஒன்று, இரண்டு என்று பதினேழு வரை எண்ணினாள், சத்தமாக. பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்துச் சொன்னாள்: "ஒனக்கு ரெண்டுதான். மத்ததெல்லாம் எங்கப்பாவுக்கு. ஷிப்டு முடிச்சி பசியோட வரும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எண்ணத் தெரிகிறது, பங்கு போடத் தெரிகிறது, அப்பா பசி தெரிகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? உள்ளே ஓடிப்போய் அவள் டைரியை எடுத்து எழுதினேன்: 'இன்று மணலில் நன்றாக விளையாடினாள். நிறையப் பேசினாள்.' நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த சிவப்புப் பேனாதான் கையில் இருந்தது. வழக்கம்போல அடியில் பெற்றோர் கையெழுத்துக்குக் கோடும் போட்டேன்.

மறுநாள் கையெழுத்து வந்தது. பிள்ளையின் கணுக்காலில் இரண்டு சிவந்த கோடும் வந்தது. மணலுக்குக் கிளம்பும்போது அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. குனிந்து கூப்பிட்டேன். வாயிலிருந்து விரலை எடுத்து, காதோடு சொன்னாள்.

"நான் வெளயாட மாட்டேன் மிஸ். எழுதிடாதீங்க."

வகுப்புக்குள் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அன்று மணி பன்னிரண்டரை ஆவதற்குள் நான் எத்தனை தடவை கேட்டுக்கும் வகுப்புக்கும் நடந்தேனோ தெரியாது. அம்மா வந்ததும் மூச்சு வாங்க விளக்கினேன். அது புகார் இல்லை, சந்தோஷத்தில் எழுதியது, பிள்ளை பேசிவிட்டாள், எண்ணுகிறாள், தயவுசெய்து அவளை விளையாட விடுங்கள் என்றேன். அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"நீங்க பெரிய மனசு பண்ணி சொல்றீங்க மிஸ். டைரியில நல்லத யார் எழுதுவாங்க?"

உள்ளே வந்து முப்பது டைரியையும் புரட்டினேன். ஹோம்வொர்க் முடிக்கவில்லை. நகம் வெட்டவும். ஷூ பாலிஷ் இல்லை. வகுப்பில் பேசுகிறான். எல்லாம் என் கையெழுத்து, எல்லாம் சிவப்பு. வருஷம் முழுக்க அடி வாங்கிக் கொடுக்கிற வேலையைத்தான் பார்த்திருக்கிறேன். என்மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. நீலப் பேனா வாங்கி, முப்பது டைரியிலும் ஒவ்வொரு நல்ல வரியாக எழுதினேன். மறுநாள் ஏழெட்டுத் தாய்மார் பதறிப்போய் வந்து, பிள்ளை என்ன தப்பு செய்தான் என்று கேட்டார்கள்.

அவள் மட்டும் மணலுக்கு வரவே இல்லை. தூக்கிக்கொண்டு போனாலும் தோளை விட்டு இறங்கமாட்டாள். வீட்டில் சாயங்காலம் முழுக்க உட்கார வைத்து ஒப்பிக்க வைத்தார்கள் போல. மார்ச்சில் கரஸ்பாண்டண்ட் முன்னால் கையைக் கட்டி நின்று, ஒன்றிலிருந்து ஐம்பது வரை ஒரே குரலில் சொல்லி முடித்தாள். எங்கும் தப்பில்லை. எங்கும் நிறுத்தவில்லை, யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. பேஷ் என்றார் அவர். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

யு.கே.ஜி.க்குத் தேறியது தெரிந்த அன்று அம்மா சாக்லேட் டப்பாவோடு வந்தாள். முதலில் எனக்குத்தான் என்று நீட்டினாள். நல்ல புடவை கட்டி, பூ வைத்திருந்தாள். அன்றைக்கு மாதிரி அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னிக்கி நீங்க மட்டும் எழுதி அனுப்பலன்னா, இவ இன்னும் வெளயாடிக்கினே இருந்திருப்பா மிஸ்."