வேளிமலையின் வலது சரிவு

இடது, வலது என்பவை உலகத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று இருபத்தைந்து வயதுவரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். படிக்காதவனும் அல்ல. இண்டர்மீடியட், அதில் தர்க்கம் ஒரு பாடம். அந்தப் படிப்போடு காஷ்மீரில் பத்துப்பேரைக் கொல்லப் பார்த்தேன். எல்லோரும் நம் ஆட்கள்.

நாகர்கோவிலில் வேலை கிடைக்காமல் பட்டாளத்தில் சேர்ந்திருந்தேன். வயர்லெஸ் பிரிவு என்றார்கள். கூரையுள்ள அறை, மேஜை, நாற்காலி, மண்கூஜாவில் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். நாற்பத்தெட்டில் எனக்குக் கிடைத்தது ஒரு பாறை. அதன் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டு பேசவேண்டும்.

எதிரே ஒரு குன்று. பூதப்பாண்டியில் எங்கள் வயல் வரப்பில் நின்று பார்த்தால் வேளிமலை எப்படித் தெரியுமோ, அதே முதுகு, அதே சரிவு. அதன் இடது சரிவில் எங்கள் ஆட்கள் பத்துப்பேர் முந்தின நாள் ஏறிப்போய், இறங்க வழியில்லாமல் கிடந்தார்கள். அதில் நாலைந்து பேருக்குக் காயம். வலது சரிவில் பாறை இடுக்கில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி. தலையைத் தூக்கினால் சுட்டான். இன்னொரு ராத்திரி அந்தக் குளிரில் கிடந்தால் காயம்பட்டவர்கள் விறைத்துப்போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் அதிகாரி குண்டடிபட்டு விழுந்துவிட்டார். வரைபடமும் திசைகாட்டியும் இருந்த அவருடைய தோல்பை பள்ளத்தில் உருண்டுபோனது.

மத்தியானம் தாண்டி, மேகத்துக்குக் கீழே ஒரு சின்ன விமானம் வந்தது. அதற்கும் மேலே குண்டுகளோடு இரண்டு போர்விமானங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கே அடிப்பது என்று அவற்றுக்குக் காட்டுவதுதான் சின்ன விமானத்தின் வேலை. இலக்கு எங்கே என்று விமானி இங்கிலீஷில் கேட்டார். நானும் இங்கிலீஷில் பதில் சொன்னேன். என் இங்கிலீஷ் நாகர்கோவில் ஒழுகினசேரிப் பாலத்தைத் தாண்டிப் பழக்கமில்லாதது. காதில் கொஞ்சநேரம் வெறும் இரைச்சல். பிறகு:

"ஏலே, நீ எந்தூருக்காரன்?"

"பூதப்பாண்டிப் பக்கம் சார்."

"நான் இரணியலு. பேடிக்காத மக்கா, தமிழ்லயே சொல்லு. தோக்கு எங்க இருக்கு?"

துப்பாக்கியைத்தான் எங்கள் மேற்குத் தாலுகாக்காரர்கள் தோக்கு என்பார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எதுத்த குன்னு அப்படியே வேளிமலை மாதிரி இருக்குல்லா சார்? அதுக்க வலது சரிவுல."

"வேளிமலையா? கொள்ளாம். கண்டுட்டேன்."

போர்விமானம் போட்ட முதல் குண்டு இடது சரிவில் விழுந்தது. நம் ஆட்களுக்கு நூறு கஜத்துக்குள். பனிப்பள்ளத்தில் விழுந்ததால் யாரும் சாகவில்லை.

"சார்! அது நம்ம ஆளு நிக்க பக்கம் சார்!"

"நீ சொன்ன வலதுதானலே?"

"எங்க ஊருல நின்னு பாத்தா வலது சார்."

"எங்க ஊருல நின்னு பாத்தா அது இடதுல்லா! வடக்கு தெக்கு சொல்லுலே."

பூதப்பாண்டி வேளிமலைக்குக் கிழக்கே, இரணியல் மேற்கே. இது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். எங்கள் ஊரில் பந்தியில் உட்காரச் சொல்வதானாலும் வடக்கே தள்ளி இரி என்றுதான் சொல்வோம். ஆனால் அங்கே காலையிலிருந்து சூரியனைக் காணோம். எது வடக்கு என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"செரி, இடதும் வேண்டாம் வலதும் வேண்டாம். நான் கீழ எறங்கி மெள்ள வாறேன். தோக்குக்க நேர் மேல வரும்போ இப்பம்னு சொல்லு. புகைக்குண்டு ஒண்ணு போடுவேன். மத்தவங்க அதப் பாத்து அடிப்பாவ, கேட்டியா?"

"அவன் சும்மா இருப்பானா சார்?"

"இருக்கமாட்டான். நீ உனக்க சோலியப் பாரு."

வந்தார். பனைமர உயரம்தான் இருக்கும். அந்த விமானம் துணியும் குச்சியும் சேர்த்துக் கட்டியதுபோல இருந்தது. கீழிருந்து துப்பாக்கி சீறியது. அவரைச் சுற்றி நெருப்புப்பொறிகள் ஏறின. நான் வாயைத் திறந்தேன். அந்தச் சொல்லைச் சொன்னால் அவரை நானே சுடுவதுபோல என்று தோன்றியது. சொல்லவில்லை. விமானம் துப்பாக்கியைக் கடந்து போயிற்று.

"ஏம்லே சொல்லல்ல?"

நான் பாறையில் முகத்தை அழுத்திக்கொண்டேன்.

"பத்துபேரு கெடக்கான்லே அங்க. இன்னொருக்க வாறேன். வாயத் தொற."

திரும்பி வந்தார், முன்னைவிடத் தாழ்வாக. இந்தமுறை, "இப்பம்! இப்பம்! இப்பம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். வெள்ளைப் புகை எழுந்தது. போர்விமானங்கள் இறங்கின. குன்றின் அந்தப் பக்கமே இடிந்து விழுந்தது. துப்பாக்கி பிறகு பேசவில்லை. இருட்டுவதற்குள் பத்துப்பேரும் வந்து சேர்ந்தார்கள், சிலர் தோளில்.

சின்ன விமானம் ஒருக்களித்தபடி பள்ளத்தாக்கில் போய் மறைந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. மின்கலம் தீரும்வரை தமிழிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கிடந்த பஞ்சாபிக்காரன் நான் ஜெபம் செய்வதாக நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

விமானி உயிரோடிருக்கிறார் என்று தெரியவே பல மாதம் ஆயிற்று. ஐம்பதில் ஊர் திரும்பியதும் பஸ் ஏறி இரணியல் போனேன். விமானம் ஓட்டினவர் வீடு என்று கேட்ட முதல் ஆளே வழி சொன்னார். வாசலுக்கு வந்த விமானியின் சட்டையில் ஒரு கை மடித்து ஊசி குத்தியிருந்தது. அரசாங்கம் பதக்கம் கொடுத்திருந்தது. என்ன நடந்தது என்று அவர் வீட்டில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். சொல்வதற்கு நல்ல இடமெல்லாம் சொன்னேன்.

அவர் மனைவி காப்பியை வைத்துவிட்டு நின்று கேட்டார். "மொத தடவையே போட்டுட்டு வந்தா என்ன? ரெண்டாமத்த தடவ எதுக்குப் போணும்?"

நான் காப்பித் தம்ளரைப் பார்த்தேன்.

"வயர்லெஸ்ல ஒரே இரைச்சலுட்டி. ஒண்ணும் கேக்கல்ல," என்றார் அவர்.

பஸ்வரை கூட நடந்து வந்தார். "சார், சொன்னா உங்கள நானே கொன்னதாயிரும்னு தோணிச்சு. வாய் வரல்ல," என்றேன்.

"மொத தடவ அந்தத் தோக்குக்காரனுக்குக் குறியே கிட்டல்லலே மக்கா," என்றார். "நீ இரக்கப்பட்ட நேரத்துலதான் அவன் குறி பாக்கப் படிச்சான்."