லாச்சிக்குள் கத்திய ரேடார் டிடெக்டர்

பேய், பிசாசு, செய்வினை, இதெல்லாம் எனக்குச் சரிவராது. யாழ்ப்பாணத்தில் கட்டடங்களுக்கு வரைபடம் கீறும் படவரைஞனாக வேலை பார்த்தவன் நான், அளந்து பார்க்காத எதையும் ஒத்துக்கொள்ளாத ஆள். இதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், ஏலுமென்றால் நீங்களே விளக்கம் சொல்லுங்கள். இதுவரை ஒருத்தராலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. சொந்தமாக ஒரு பழைய வான் வண்டி வைத்துக்கொண்டு டூட்டிங்கில் ஒரு மரக்கறிக் கடைக்குச் சாமான் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கும் முருங்கைக்காய், கறிவேப்பிலை, பாகற்காய்ப் பெட்டிகளை மத்தியானத்துக்கு முன் கடையில் இறக்கிவிட வேண்டும், பிந்தினால் சனம் அடுத்த கடைக்குப் போய்விடும். அப்படி ஓடி ஓடி வேகக் கமராவில் மூன்று தரம் அகப்பட்டு, லைசென்ஸில் ஒன்பது குற்றப் பொயின்ற் ஏறிவிட்டது. இன்னும் மூன்று ஏறினால் பன்னிரண்டு, லைசென்ஸைப் பறித்துவிடுவார்கள், அதோடு பிழைப்பும் போச்சு. நான் படித்த படிப்பை இந்த நாட்டில் ஒருவரும் மதிக்கவில்லை, என்னிடம் இருந்த ஒரே உருப்படியான சான்றிதழ் அந்த லைசென்ஸ்தான். அதைத் தெருவோரக் கமராத் தகரப் பெட்டிக்குப் பறிகொடுப்பதில்லை என்று பிடிவாதமாக நின்றேன்.

மெதுவாக ஓடினால் போச்சே என்பீர்கள். என் மனைவி சுகந்தியும் அதைத்தான் சொன்னாள். சொல்வது சுகம், ஹீத்ரோவில் பெட்டிக்காகக் காத்து நின்று பார்த்தால் தெரியும்.

சுகந்தியின் தம்பி குகன்தான் வழி சொன்னான். "அத்தான், ரேடார் டிடெக்டர் எண்டு ஒரு சாமான் இருக்குது. கமராவுக்குக் கிட்டப் போக முன்னமே கத்தும்." அதை வைத்திருப்பது சட்டப்படி சரியா பிழையா என்று அந்த நாளில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நான் அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் அப்டன் பார்க்கில் எங்கட ஆள் ஒருவரின் எலெக்ட்ரோனிக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் மூன்று டிடெக்டர்களை எடுத்து வைத்தார். "இதிலை எது நல்லாய்க் கத்தும்?" என்று குகன் கேட்க, அவர் சிரித்துவிட்டார். "தம்பி, கத்துறது பெரிய வேலையில்லை. ரவுணுக்குள்ளை எது வாயைப் பொத்திக்கொண்டு இருக்குது எண்டு பாருங்கோ." சுப்பர்மார்க்கெற்றில் தானாகத் திறக்கும் கதவுகளும் கமராவைப் போலவே கதிர் விடுமாம், மட்டமான டிடெக்டர் ஒவ்வொரு கதவுக்கும் கத்திக் கத்தி உயிரை வாங்கிவிடுமாம். அதற்காகத்தான் நகரத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலைக்கு ஒன்று என்று சுவிட்சில் இரண்டு நிலை வைத்திருக்கிறார்கள். நகரத்தில் காது கொஞ்சம் மந்தமாக வேண்டும், வெளிப் பாதையில் தூரத்திலேயே கேட்க வேண்டும்.

நான் சொல்லை நம்பி வாங்குகிற ஆள் இல்லை. மூன்றையும் குகனின் காரில் பூட்டி இரண்டு மணித்தியாலம் ஓடிப் பார்த்தோம். முதலாவது கிரீன் ஸ்ட்ரீற் முழுக்க ஒப்பாரி வைத்தது. இரண்டாவதை நகரத்து நிலையில் போட்டால் கமராவுக்கு முன்னாலேயே ஊமையாக இருந்தது. மூன்றாவது கடைக் கதவுகளுக்கு வாயே திறக்கவில்லை, உண்மையான கமரா வந்ததும் நிதானமாகக் கத்தியது, மோட்டர்வேயில் பாலத்துக்கு அப்பால் நின்ற பொலிஸ் காரை எங்கள் கண்ணில் பட முன்னரே சொல்லிவிட்டது. அதைத்தான் எடுத்தேன். இவ்வளவு சோதித்து எடுத்த சாமான், ஆகவே பழுதானதை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

பூசை செய்யாமல் அதை வானில் பூட்டவே கூடாது என்று சுகந்தி நின்றாள். வெள்ளிக்கிழமை விம்பிள்டன் கோயிலுக்குக் கொண்டுபோய் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய், எலுமிச்சைதான், வைத்து நசித்தோம். ஐயர் வானுக்குக் கற்பூரம் காட்டி முடிய, இவள் டிடெக்டரையும் நீட்டினாள். அவர் அது என்ன ஏதென்று கேட்காமல், அதன் முகப்பில் கண் மாதிரி இருந்த கண்ணாடியிலேயே பெரிதாகச் சந்தனமும் குங்குமமும் அப்பிவிட்டார்.

"அத்தான், ஐயர் உங்கடை டிடெக்டருக்கு நெற்றிக்கண் திறந்து விட்டிட்டார்" என்று குகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பகிடி விடாதை. நீங்களும் அதைத் துடைச்சுப் போடாதையுங்கோ" என்றாள் சுகந்தி.

அடுத்த செவ்வாய்க்கிழமை. ஹீத்ரோவிலிருந்து ஏ4 பாதையால் வருகிறேன், நல்ல வெயில், ஒஸ்ரலி என்ற இடம் தாண்டியதும் டிடெக்டர் வீரிட்டுக் கத்தியது. பிரேக்கை அமத்தினேன், பின்னால் பெட்டிகள் எல்லாம் சரிந்தன. பார்த்தால் ஒன்றுமில்லை. புல்லும் ஒரு விளக்குக் கம்பமும், அவ்வளவுதான். அடுத்த செவ்வாயும் அதே இடம், அதே நேரம், பதினொன்றேகால். சுவிட்சை நகரத்தில் போட்டாலும் கத்தியது, நெடுஞ்சாலையில் போட்டாலும் கத்தியது. சந்தனம்தான் கோளாறு என்று சுகந்திக்குத் தெரியாமல் ஈரத்துணியால் துடைத்தேன், அப்போதும் கத்தியது. நாலாவது செவ்வாய், அந்த இடத்துக்கு முன்னமே சிகரெட் லைற்றர் துளையிலிருந்து அதன் கரன்ற் வயரை இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். நம்பினால் நம்புங்கள், வயர் என் கையில் தொங்க அது கத்தியது. உள்ளே பற்றரி எதுவும் கிடையாது, பின்னேரம் கழற்றியே பார்த்தேன்.

வேறு ஆளென்றால் பயந்திருப்பார். எனக்குக் கோபம்தான் வந்தது. இல்லாத கமராவுக்கு நான் ஏன் பணிய வேண்டும்? அடுத்த செவ்வாய் காலையிலேயே வானின் பின்கதவுப் பூட்டு உடைந்துவிட்டது. சுகந்தியின் பழைய சேலை ஒன்றைக் கிழித்துக் கதவை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன், மாங்காய்க்கரைத் தலைப்பு வெளியே பறந்துகொண்டிருந்தது. ஒஸ்ரலி வந்ததும் அது தொடங்கியது. "கத்தடா, நல்லாய்க் கத்து! உனக்கு நான் பயப்பிடுறதோ?" என்று அதைவிடப் பலமாக நான் கத்தி, காலை அக்சிலேற்றரில் வைத்து ஊன்றினேன். மணிக்கு நாற்பது மைலுக்கு மேல் ஓடக்கூடாத பாதையில் முள் அறுபத்தெட்டில் நின்றது. பிரேக்கில் கால் வைக்கவேயில்லை. இதை நன்றாக நினைவில் வைத்திருங்கள். ஒரு கமராவும் மின்னவில்லை, டூட்டிங் வரும்வரை தனியே சிரித்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்த இடத்தில் அது ஒருநாளும் கத்தவில்லை. அடுத்த நாளே பூட்டைத் திருத்தி, சேலைத் துண்டைக் குப்பையில் போட்டேன்.

இரண்டு மாதத்தில் வானின் எஞ்சின் இறுகிவிட்டது. பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டேன், அவர்கள் அதை நசுக்கியதை நின்று பார்த்தேன், கையில் ரசீதுத் துண்டும் வாங்கினேன். வேறு வான் எடுக்கும்வரை கடைக்குள்ளேயே வேலை செய்தேன். டிடெக்டர் எங்கள் குசினி மேசையின் இழுப்பறை லாச்சிக்குள் கரண்டிகளோடு கிடந்தது. அந்த நாட்களில்தான் குகன் வந்து, ஒஸ்ரலியில் நான் சொன்ன அதே விளக்குக் கம்பத்தடியில் புதிதாகக் கமராப் பெட்டி நட்டிருக்கிறார்கள் என்றான்.

அதற்கடுத்த செவ்வாய், பதினொன்றேகால் போல, கடையில் சனம் நிற்கும் நேரம், சுகந்தி வீட்டிலிருந்து கடைக்குப் போன் எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்கடை சாமான் லாச்சிக்குள்ளை கிடந்து கத்துது. பிள்ளை பயந்து அழுறாள்."

"கரன்ற் இல்லாமல் எப்பிடியப்பா கத்தும்? ரேடியோவாய் இருக்கும், போனை வையும்" என்று எல்லோருக்கும் முன்னால் ஏசிவிட்டேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. என் வானின் இலக்கம். ஒஸ்ரலி. நாற்பது மைல் பாதையில் அறுபத்தெட்டு. திகதி, சுகந்தி போன் எடுத்த அந்தச் செவ்வாய். நேரம் பதினொன்று பதினேழு. என் வான் நசுங்கித் தகடாகி எத்தனையோ கிழமை ஆகிவிட்டது, அதற்குக் குறைந்தது மூன்று பொயின்ற்! விடுவேனா? வழக்காடுவது என்று முடிவெடுத்தேன். நசுக்கியதற்கான துண்டு இருந்தது, அந்த நிமிடம் நான் கடையில் போனில் நின்றதற்கு முதலாளி சாட்சி, சுகந்தி சாட்சி. வெல்கிற வழக்கு.

கோர்ட்டு வாசலில் வைத்து வக்கீல் கமரா எடுத்த இரண்டு படங்களைக் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படங்கள். பின்பக்கம் தெரிய வான் போகிறது. பின்கதவில் ஒரு முடிச்சு. முடிச்சிலிருந்து ஒரு துணி பறக்கிறது.

சுகந்தி என் முழங்கையைப் பிடித்தாள். "இஞ்சாருங்கோ... இது என்ரை சேலைக்கரை."

"சும்மா இரும்."

"இல்லை, மாங்காய்க்கரை, வடிவாய்த் தெரியுது."

மனைவி என்ன சொல்கிறார் என்று வக்கீல் ஆங்கிலத்தில் கேட்டார். படம் தெளிவில்லை என்கிறாள் என்றேன்.

உள்ளே போனோம். ஏன் அந்த நேரம் போன் எடுத்தீர்கள் என்று நீதவான்கள் கேட்டபோது, பால் வாங்கிவரச் சொல்லத்தான் என்றாள் சுகந்தி. நான் பகவத்கீதையில் கை வைத்து, இது என்னுடைய வான் இல்லை என்று சொன்னேன். யாரோ கள்ள இலக்கத்தகடு போட்டு ஓடியிருக்கிறார்கள் என்று அவர்களே முடிவுகட்டி வழக்கைத் தள்ளிவிட்டார்கள். லைசென்ஸ் என் பொக்கற்றுக்குள்ளேயே இருந்தது.

ஓம், பொய்ச்சத்தியம்தான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? கமரா நட முன்னம் எடுத்த படம் இது என்று எந்த நீதவானிடம் சொல்வது? இவ்வளவு கேட்ட பிறகும் நீங்களே நம்பவில்லை, உங்கள் முகத்தில் தெரிகிறது.

இப்போதும் அந்தப் பாதையால்தான் போய்வருகிறேன், யாருக்குப் பயந்தும் சுற்றிப் போவதில்லை. டிடெக்டர் இன்னும் அதே லாச்சிக்குள் கிடக்கிறது, பிறகு கத்தியதில்லை. வக்கீலிடம் கேட்டு வாங்கிய படங்கள் அதற்கடியில் இருக்கின்றன. கிழித்துப் போடச் சொல்லி சுகந்தி எத்தனையோ தரம் கேட்டுவிட்டாள், நான் விடவில்லை. அது என் வான், ஒத்துக்கொள்கிறேன். அவளுடைய சேலை, நான் ஓடிய வேகம், எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரைச் செக்கன் இடைவெளியில் எடுத்த அந்த இரண்டாவது படத்தில் பின்னால் இரண்டு பிரேக் லைற்றும் பளிச்சென்று எரிகின்றன. சேலையால் கதவைக் கட்டி ஓடிய அன்றைக்கு நான் பிரேக் போடவில்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்கிறேன், இது பொய்ச்சத்தியம் இல்லை, என் கால் அக்சிலேற்றரில்தான் இருந்தது. அப்படியென்றால் அந்த வானை ஓட்டிக்கொண்டு போனவன், பயந்துபோய்ப் பிரேக்கை அமத்தினவன், யார்?